நகரத்தை ஒரு சிக்கலான தொகுதியாக மாதிரியிடல்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூராட்சி உறுப்பினர்கள், திணைக்கள அலுவலர்கள், மாணவர்கள், காணிக்காரர் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். அடிப்படை தெரிந்தவர்கள் நேரே நான்காவது கேள்விக்குப் போகலாம்.

1. “சிக்கலான தொகுதி” எண்டு என்னத்தைச் சொல்லுறியள்? ஊர் சிக்கலானது எண்டு ஆருக்குத்தான் தெரியாது?

லொறி இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. ஆனால் பக்கத்துப் பாகம் என்ன செய்கிறது என்று பார்த்து பிஸ்டன் தன் போக்கை மாற்றுவதில்லை. நகரத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள், பார்த்து மாறுவார்கள். ஒரு வளவில் பெரிய பம்ப் பூட்டினால் கோடையில் பக்கத்துக் கிணற்றின் மட்டம் இறங்கும். அவர் கிணற்றை ஆழமாக்குவார், இல்லையென்றால் குழாய்க்கிணறு அடிப்பார். மூன்றாவது வீட்டில் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும். மூவரில் ஒருவரும் சட்டவிரோதமாக எதுவும் செய்யவில்லை. விளைவு மட்டும் மூவருக்கும் பொது.

இப்படிப்பட்ட தொகுதிகளில் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று பின்னூட்டம்: விளைவு திரும்பி வந்து காரணத்தையே மாற்றும். இரண்டாவது தாமதம்: இன்று மண்ணில் போட்ட உரம் கிணற்றில் தெரிய மாதங்களோ வருடங்களோ செல்லும். மூன்றாவது எல்லைப்புள்ளி: ஒரு அளவுவரை ஒன்றும் ஆகாது, அதைத் தாண்டியதும் எல்லாம் ஒன்றாக வரும். அமெரிக்கக் கணித அறிஞர் வோரன் வீவர் 1948 இல் இவ்வகைப் பிரச்சினைகளைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். நகரமும் இந்த வகைதான் என்று 1961 இல் ஜேன் ஜேக்கப்ஸ் வாதிட்டார்.

2. மாதிரி எண்டால் வரைபடம்தானே? அபிவிருத்தித் திட்டம் ஒண்டு இருக்கேக்க இது எதுக்கு?

வரைபடம் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும். திட்டம் எது எங்கே வரவேண்டும் என்று சொல்லும். ஒன்றைத் தொட்டால் மற்றவை எந்தப் பக்கம், எவ்வளவு, எத்தனை மாதத்தில் நகரும் என்பதை இரண்டும் சொல்லா. அதற்குத்தான் மாதிரி.

மாதிரியில் மூன்று வகைச் சங்கதிகள் இருக்கும்: இருப்பு (நிலத்தடியில் உள்ள நன்னீர்), பாய்ச்சல் (மழை உட்புகுதல், இறைப்பு, கடலுக்குக் கசிதல்), விதி (மட்டம் இறங்கினால் ஆட்கள் கிணற்றை ஆழமாக்குவார்கள்). திட்ட அறிக்கைகளில் முதல் இரண்டும் எப்படியாவது இருக்கும். மூன்றாவதுதான் விடுபடும், திட்டங்கள் பெரும்பாலும் கவிழ்வதும் அங்கேதான்.

3. எத்தினை வகை மாதிரி இருக்கு? எதைப் படிக்கிறது?

இருப்பையும் பாய்ச்சலையும் வைத்துக் கட்டுவது தொகுதி இயங்கியல். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஜே ஃபொரெஸ்டர் 1969 இல் அதை நகரத்துக்குப் பயன்படுத்தினார். ஒவ்வொரு வீட்டையோ கடையையோ தனித்தனியாக முடிவெடுக்க விடுவது முகவர் மாதிரி. தோமஸ் ஷெல்லிங் 1971 இல் அதைக் கொண்டு, அயலவர் பற்றிய சிறு விருப்பங்களே முழு ஊரையும் பிரித்துவிடும் என்று காட்டினார். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, அயற்கட்டத்தைப் பார்த்து ஒவ்வொரு கட்டமும் மாறுவது கலத் தன்னியக்கம். தோட்டக்காணி வீட்டுக்காணியாவதற்கு அது பொருந்தும். வீதிக்கும் பஸ் தடத்துக்கும் வலையமைப்பு மாதிரி. வெள்ளத்துக்கு எஸ்.டபிள்யூ.எம்.எம், நிலத்தடி நீருக்கு மொட்ஃப்ளோ போன்ற பௌதிக மாதிரிகள். இவை இரண்டும் அமெரிக்க அரச நிறுவனங்கள் இலவசமாக வெளியிடுபவை.

கருவியைத் தெரிந்தெடுத்துவிட்டுக் கேள்வியைத் தேட வேண்டாம். “இந்த விதியை மாற்றினால் பத்து வருடத்தில் என்ன?” என்றால் தொகுதி இயங்கியல். “எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும்?” என்றால் பௌதிக மாதிரி. “ஆட்கள் என்ன செய்வார்கள்?” என்றால் முகவர்.

4. யாழ்ப்பாணத்தில எங்கயிருந்து தொடங்கலாம்?

தண்ணீரிலிருந்து. இங்கே மற்ற எல்லாம் வந்து முட்டும் இடம் அதுதான். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரிக்குத்தான். ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர், அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசெம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரில் வழங்கும் விதிப்படி, கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். இதையே மறுபக்கமாகப் பாருங்கள்: மேல்மட்டம் நிரந்தரமாக 10 சென்ரிமீற்றர் இறங்கினால் உவர்நீர் கீழிருந்து 4 மீற்றர் ஏறிவரும். உடனே வராது, அதனால்தான் இறைப்பவருக்குத் தெரிவதில்லை.

முதல் மாதிரிக்கு விரிதாளில் பன்னிரண்டு வரிசை போதும், மாதத்துக்கு ஒன்று. உள்ளே வருவது மழையில் ஒரு பங்கு. 20 சதவீதம் என்று ஊகித்துத் தொடங்கினால் ஆண்டுக்கு 250 மில்லிமீற்றர். கல்லில் தண்ணீர் நிற்கக்கூடிய இடம் 15 சதவீதம் என்று வைத்தால், மாரி முடிய மட்டம் ஏறத்தாழ 1.7 மீற்றர் உயர வேண்டும். உங்கள் பகுதிக் கிணறுகள் ஒரு மீற்றர்தான் உயர்ந்தன என்றால், ஒன்றில் உட்புகும் பங்கு குறைவு, அல்லது கல்லில் இடம் அதிகம், அல்லது ஏறிக்கொண்டிருக்கும்போதே கடலுக்கு ஓடுகிறது. இந்த மூன்றையும் பிரித்தறிவதுதான் முதல் வருட வேலை.

அளவுக்கு அடுத்ததாகத் தரம். செம்மண் தோட்டங்களில் போடும் உரம், கோழி எரு, மலசலகூடக் குழிகள் எல்லாம் நைத்திரேற்றாக அதே படைக்குள் இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளில் இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் வழக்கமாகச் சொல்லப்படும் 50 அடி, மணல் வடிகட்டும் இடத்துக்குச் சரி. வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் அடிக்கணக்குப் பார்த்து ஓடுவதில்லை.

5. எல்லையை எங்க போடுறது? மாநகர சபைக்குப் பிரதேச சபைப் பக்கம் என்ன அலுவல்?

யாழ். மாநகர சபையின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். நகருக்கு நீண்டகாலம் குழாயில் வந்த தண்ணீர் கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கக் கிணறுகளிலிருந்து இறைக்கப்பட்டது. குப்பை எல்லைக்கு வெளியே கல்லுண்டாய்க்குப் போகிறது. பிள்ளைகளும் நோயாளிகளும் வியாபாரிகளும் குடாநாடு முழுவதிலுமிருந்து வருகிறார்கள். சபையின் எல்லையையே மாதிரியின் எல்லையாக வைத்தால், நகரம் வெளியே தள்ளுகிற எல்லாம் காணாமல் போய்விட்டதாகக் கணக்கு வரும்.

ஃபொரெஸ்டரின் மாதிரி வாங்கிய பெரிய கண்டனங்களில் ஒன்று இது: புறநகர்களை அவர் உள்ளே எடுக்கவில்லை. இங்கேயும் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் முதலில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வரையப்பட்டது. நகரின் தேவைப் பக்கம் கணக்கு நன்றாக வந்தது; குளத்தை நம்பிய கிளிநொச்சி வயற்காரரின் காலபோகமும் சிறுபோகமும் அந்தக் கணக்குக்குள் போதியளவு வரவில்லை. எதிர்ப்பு வந்து, மூலமே கடல்நீருக்கு மாறியது.

மூன்று வளையம் போடுங்கள். உள்வளையம் சபை தானே மாற்றக்கூடியது: கட்டட அனுமதி, வாய்க்கால், சபைக்குரிய குளம், ஆதன வரி. நடுவளையம் பேசித்தான் மாற்றலாம்: அயற் பிரதேச சபைகள், கமநல சேவை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. வெளிவளையத்தை மாற்ற முடியாது, ஏற்கத்தான் வேண்டும்: மழை, கடல் மட்டம், டொலர் விலை. ஒரு காரணி எந்த வளையத்தில் நிற்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வதற்கே இரண்டு கூட்டம் போய்விடும். அது வீண் நேரமல்ல.

6. தரவே இல்லையே. இல்லாததை வைச்சு என்ன மாதிரி கட்டுறது?

தரவு இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது. சனத்தொகை, வீடு, மலசலகூட வகை, குடிநீர் மூலம் எல்லாம் கிராம அலுவலர் பிரிவுவாரியாகத் தொகைமதிப்பில் உண்டு. மழைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் திருநெல்வேலி நிலையம். வீதிகளும் கட்டடங்களும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில். கேட்டும் தராவிட்டால் 2016 இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேட்கும்போது “கிணற்றுத் தரவு தருக” என்று எழுதாமல் கிணற்றின் இடம், ஆண்டு, அளவு, அலகு என்று பிரித்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பந்தி விளக்கம் பதிலாக வரும்.

கிணற்று மட்டத்தை நீங்களே எடுக்கலாம். கிணற்றுக்கட்டில் ஒரு இடத்தில் பெயின்ற் குறி வையுங்கள், எப்போதும் அங்கிருந்தே அளவுங்கள். நாடாவின் கடைசி ஒரு மீற்றருக்குச் சோக் பூசினால் நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். காலையில், பம்ப் போட முன்னர். மாதம் இருமுறை. தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனை அளக்கும் கைக்கருவியை 1,413 மைக்ரோசீமென்ஸ் நியமக் கரைசலில் ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகே வாளித் தண்ணீரில் வையுங்கள். கடற்கரையிலிருந்து உள்நோக்கி ஒரு கோட்டில் இருபது முப்பது கிணறு கிடைத்தால் ஆரம்பத்துக்குத் தாராளம்.

பிழைப்பது பெரும்பாலும் கருவியில் அல்ல. ஒருவர் கட்டின் மேலிருந்தும் இன்னொருவர் தரையிலிருந்தும் அளந்திருப்பார்கள். இரண்டடி வித்தியாசம் “வறட்சி” என்று அறிக்கையில் ஏறும். கட்டுகளின் உயரத்தைக் கடல் மட்டத்துடன் இணைக்காவிட்டால் இரண்டு கிணறுகளை ஒப்பிடவும் முடியாது, நாலாவது பதிலில் உள்ள 40 மடங்குக் கணக்கைப் போடவும் முடியாது. நில அளவையாளரை ஒரு நாள் கூப்பிடும் செலவு இதற்குத்தான்.

7. கட்டிற முறை என்ன? ஒரு லப்டொப் காணுமோ?

காணும். முதல் இரண்டு கிழமை அதுவும் வேண்டாம். பெரிய கடதாசியில் காரணிகளை எழுதி அம்புக்குறி போடுங்கள். இது கூடினால் அது கூடுமா, குறையுமா? ஒவ்வொரு அம்புக்கும் ஒரு கூட்டல் அல்லது கழித்தல். வளையமாகத் திரும்பி வருவதில் கழித்தல்கள் ஒற்றை எண்ணில் வந்தால் அது தன்னைத் தானே அடக்கும் வளையம். இரட்டை எண்ணிலோ, இல்லாமலோ வந்தால் தன்னைத் தானே பெருப்பிக்கும் வளையம். தோட்டக்காரரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் இந்தக் கடதாசிக்கு முன்னால் இருத்துங்கள். மென்பொருள் திரைக்கு முன்னால் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

பிறகு விரிதாள், அதன்பிறகு தேவையென்றால் வென்சிமின் இலவசக் கல்விப் பதிப்பு (தொகுதி இயங்கியலுக்கு), நெட்லோகோ (முகவர் மாதிரிக்கு), க்யூஜிஐஎஸ் (வரைபடத்துக்கு). ஒவ்வொரு சமன்பாட்டிலும் இரு பக்க அலகும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். மாணவர் மாதிரிகளில் பாதிப் பிழை அங்கேயே பிடிபடும். கையில் உள்ள ஆண்டுகளில் மூன்றில் இரண்டை வைத்து எண்களைச் சரிசெய்து, மிச்ச ஆண்டுகளைக் காட்டாமல் ஒளித்துவைத்து, மாதிரி அவற்றைச் சொல்கிறதா என்று சோதியுங்கள். கடைசியாக ஒவ்வொரு ஊகத்தையும் 20 சதவீதம் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். முடிவைத் தலைகீழாக்கும் ஊகங்கள் எவை என்று தெரியவரும். அடுத்த வருடக் காசை அவற்றை அளக்கச் செலவழியுங்கள்.

8. வெள்ளத்துக்கு வாய்க்காலைப் பெரிசாக்கினாச் சரிதானே?

வாய்க்காலில் விழும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். நாலு பரப்புக் காணி ஏறத்தாழ 1,012 சதுர மீற்றர். 50 மில்லிமீற்றர் மழைக்கு அதில் விழுவது 50,600 லீற்றர். மணல் முற்றமும் மரமுமாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 10,000 லீற்றர், வெளியே ஓடும். வீட்டைப் பெருப்பித்து, முற்றத்துக்குச் சீமெந்தும் கல்லும் போட்டு, ஓடும் பங்கு 0.6 ஆனால் 30,000 லீற்றர். ஒழுங்கையில் இருபது வளவு அப்படி மாறினால் வாய்க்கால் கட்டிய பொறியியலாளரைக் குறைசொல்லிப் பயனில்லை.

இங்கே வேறு ஊர் மாதிரிகளில் இல்லாத ஒரு சங்கதியும் உண்டு: வேலி. கிடுகு வேலிக்கும் கதிகால் வேலிக்கும் கீழால் தண்ணீர் வளவுக்கு வளவு பரந்து போனது. மதில் கட்டியதும் ஒவ்வொரு காணியும் தனித் தொட்டி, ஒழுங்கை வாய்க்கால். எஸ்.டபிள்யூ.எம்.எம் இல் உபநீரேந்துப் பகுதிகளை (ஒரே இடத்துக்குத் தண்ணீர் வடியும் சிறு நிலத்துண்டுகளை) வரையும்போது மதிலை எல்லையாக எடுங்கள். உயரக்கோட்டை மட்டும் பார்த்து வரைந்தால் விடை பிழைக்கும். இலவசச் செய்மதி உயரத் தரவின் பிழை சில மீற்றர் வரை போகும். முழு நகரமே சில மீற்றர் ஏற்றத்தாழ்வுக்குள் கிடக்கும்போது அதை வைத்துத் தண்ணீர் ஓடும் திசை சொல்லுவது சூதாட்டம். மட்டமெடுக்காமல் வெள்ள மாதிரி கட்டவேண்டாம்.

இன்னும் இரண்டு. வாய்க்கால் முடியும் இடத்தில் கடல்நீரேரி மாரியில் உயர்ந்து நின்றால், எவ்வளவு அகலமாக்கினாலும் தண்ணீர் இறங்காது. எனவே நீரேரி மட்டத்தை மாறும் காரணியாகப் போட வேண்டும். மற்றது, வேகமாகக் கடலுக்கு அனுப்பிய ஒவ்வொரு லீற்றரும் நாலாவது பதிலில் உள்ள உட்புகலிலிருந்து கழிகிறது. ஆரியகுளம், புல்லுக்குளம் போன்றவை அழகுக்கு மட்டுமல்ல. தூர்ந்தும் வாய்க்காலிலிருந்து துண்டிக்கப்பட்டும் கிடந்தால் அவை கணக்கில் பூச்சியம். மதிலின் அடியில் நாலங்குலக் குழாய், காணியில் ஒரு பங்கு சீமெந்து போடாத நிலம் என்று கட்டட அனுமதியில் இரண்டு நிபந்தனை வைத்து மாதிரியை ஓட்டி, வாய்க்கால் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. இப்ப குழாய்த்தண்ணி வருது. இனிக் கிணத்தைப் பற்றி என்ன கவலை?

2024 இல் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் நன்னீராக்கும் நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். நல்ல விடயம். ஆனால் வீட்டுக்குள் வந்த தண்ணீர் வெளியே போகவும் வேண்டும். தண்ணீர் கூடினால் கழிவுநீரும் கூடும், அது அதே குழிக்குள், அதே படைக்குள். வீட்டுப் பாவனைக்கு இறைப்பது குறையலாம், தோட்ட இறைப்பு குறையாது. கிணற்றை யாரும் குடிக்காதபோது அதைப் பாதுகாக்கச் சொல்லும் குரலும் குறையும். இந்தக் கடைசிப் பின்னூட்ட வளையம்தான் மெதுவானது, மோசமானது.

செலவுப் பக்கம்: கடல்நீரை நன்னீராக்கக் கன மீற்றருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். முழுக் கொள்ளளவில் நாளுக்கு 72,000 முதல் 96,000 அலகு. ஐந்தாவது பதிலின் வெளிவளையத்திலிருந்த டொலர் விலை இப்போது குடிநீருக்குள்ளும் வந்துவிட்டது.

10. வீதியை அகலிச்சா நெரிசல் குறையாதோ?

கொஞ்ச நாளைக்குக் குறையும். பிறகு, முன்பு வராதவர்களும் வருவார்கள். புதிதாக ஒரு இணைப்பு வீதி போட்டு எல்லோருடைய பயணநேரமும் கூடலாம் என்பதை 1968 இல் டீற்றிக் பிரேஸ் கணிதமாகவே காட்டினார். யாழ். நகரில் பிரச்சினையின் பெரும்பகுதி அகலமல்ல. பாடசாலை தொடங்கும், விடும் அரைமணி நேரங்களும், கஸ்தூரியார் வீதி போன்றவற்றில் ஓரத்தில் நிற்கும் வாகனங்களும்.

பரிசோதனைக்கு ஒரு வாய்ப்பு வருடாவருடம் சும்மா கிடைக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும். கொடியேற்றத்துக்கு முன் ஒரு கிழமை, நடுவில் ஒரு கிழமை, முடிந்தபின் ஒரு கிழமை, குறித்த சந்திகளில் பதினைந்து நிமிடத்துக்கொரு தடவை எண்ணுங்கள். வாகனங்கள் எந்த ஒழுங்கைக்கு நகர்கின்றன என்பது தெரிந்தால் வலையமைப்பு மாதிரியைச் சரிபார்க்க அதைவிட நல்ல தரவில்லை. மோட்டார்சைக்கிளைத் தனியாக எண்ணுங்கள்.

11. டெங்கு, குப்பை, மின்சாரம் எல்லாத்தையும் ஒரே மாதிரிக்குள்ள போடலாமோ?

போடவேண்டாம். ஒரு மாதிரிக்கு ஒரு கேள்வி. எல்லாவற்றையும் விழுங்கப் பார்த்த பெருமாதிரிகளை டக்ளஸ் லீ 1973 இலேயே கிழித்துத் தொங்கவிட்டார். தரவுப்பசி, செலவு, உள்ளே நடப்பது விளங்காமை என்ற அவரது குறைகள் இன்றும் பொருந்தும். விற்பனையாளர் “டிஜிட்டல் இரட்டை” (உணரிகளின் தரவைக்கொண்டு நகரின் பிரதியைக் கணினியில் ஓட்டுவது) என்று வந்தாலும் இதே பதில்தான். உணரிக்கு மின்கலம் மாற்றுவது யார், மூன்றாம் வருடக் கட்டணம் எவ்வளவு, தரவு யாருடையது என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

12. மாதிரி சொன்னது நடக்காட்டி?

பல நேரம் நடக்காது. மாநகர சனத்தொகை 1981 இல் 118,224. 2012 இல் 88,138. 1981 இல் இருந்துகொண்டு எந்தக் கோட்டை நீட்டினாலும் இரண்டாவது எண் வந்திராது. யுத்தமும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் எந்தச் சமன்பாட்டிலும் இருந்திராது. ஆகவே ஒற்றை எண் தரும் மாதிரியை நம்பவேண்டாம். மழை குறைந்த ஐந்து வருடம், உரவிலை இரட்டித்த நிலை, வெளிநாட்டுக்காசு வற்றிய நிலை என்று நாலைந்து சூழலில் ஓட்டி, எதிலும் பெரிதாகத் தோற்காத முடிவைத் தேடுங்கள். ஒரு சூழலில் மட்டும் பிரமாதமாகத் தெரியும் முடிவு ஆபத்தானது.

13. ஏற்கனவே எடுத்த முடிவுக்கு முட்டுக்குடுக்கத்தானே உதைப் பாவிப்பினம்?

பாவிப்பார்கள். அதற்குத் தடை மூன்று. ஓட்டுவதற்கு முன்பே ஊகங்களையும், எந்த அளவுகோலில் நல்லது கெட்டது தீர்மானிக்கப்படும் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். மலிவு வீடு கட்டுவது நகரைக் கெடுக்கும் என்று ஃபொரெஸ்டரின் மாதிரி சொன்னது. அந்த “கெடுதல்” அவர் தெரிந்தெடுத்த அளவுகோலில் தங்கியிருந்தது. இரண்டாவது, சராசரியை மட்டும் வெளியிடாதீர்கள். குருநகர், நாவாந்துறை, பொம்மைவெளி என்று பிரித்து, வாடகைக்கு இருப்போர், காணி உறுதி இல்லாதோர் என்றும் பிரித்துக் காட்டுங்கள். நகரச் சராசரி நன்றாக இருக்கும்போதே ஒரு கரையில் வெள்ளம் கூடியிருக்கலாம். மூன்றாவது, எதிர்த்தரப்புக்குக் கோப்பைக் கொடுத்து அவர்கள் ஊகத்தை மாற்றி ஓட்ட விடுங்கள். கொடுக்க மறுக்கும் மாதிரியை நம்பத் தேவையில்லை.

14. சபைக்கு நாலு வருசம். கிணறு அதுக்குள்ள மாறுமோ? ஆர் இதைக் கொண்டு நடத்துறது?

நாலு வருடமும் நிச்சயமில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, அடுத்த தேர்தல் 2025 மேயில்தான் நடந்தது. இடையில் ஆணையாளர்களும் செயலாளர்களும் நடத்தினார்கள். ஆகவே உறுப்பினர் ஒருவரின் ஆர்வத்திலோ வெளியிலிருந்து வந்த ஆலோசகரின் மடிக்கணினியிலோ மாதிரி இருக்கக்கூடாது. நிரந்தர உத்தியோகத்தர் இருவரின் கடமைப் பட்டியலில் அது எழுத்தில் வரவேண்டும். ஒருவர் போதாது, இடமாற்றம் வரும்.

கையளிப்புக் கோப்பில் இருக்க வேண்டியவை: விரிதாளின் மூலப்பிரதி (பிடிஎஃப் மட்டும் அல்ல), ஒவ்வொரு நிரலுக்கும் அலகும் அளந்த முறையும், கிணற்றுக் குறிகளின் படங்களும் உயரங்களும், என்ன ஊகம் எப்போது ஏன் மாற்றப்பட்டது என்ற பதிவேடு, தமிழில் இரண்டு பக்க விளக்கம். வருடத்தில் ஒருமுறை, மாரி முடிந்து தைப்பொங்கலுக்குப் பிறகு, புது அளவீடுகளைப் போட்டு ஓட்டி, வரவு செலவுத் திட்டத்துக்கு முந்திய அமர்வில் வையுங்கள். ஒரு பிரதி சபையில், ஒன்று பிரதேச செயலகத்தில், ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில்.